நுரை நின்ற குப்பி

காலை பதினொன்று இருபது. முதலில் கண்ணில் பட்டது ஒரு தீக்குச்சியின் சுடர். சுடருக்கு முன்னால், உள்ளங்கையில் அடங்கும் அளவில் ஒரு கண்ணாடிக் குப்பி. அதைப் பிடித்திருந்த கட்டைவிரல் கறுத்திருந்தது. ஜன்னல் விளிம்பில் அதே அளவில் இன்னொரு குப்பி இருந்தது. என் ஃபிரிட்ஜின் கதவு பாதி திறந்து கிடந்தது.

நான் ஒரு நாளிதழுக்குத் தாலுகா நிருபராக ஆரணியில் இருந்த நான்கு வருடமும் அந்தக் கட்டைவிரலுக்கு உரியவரின் மாடி அறையில்தான் குடியிருந்தேன். அறைக்கு இரண்டு சாவி. ஒன்று என்னிடம், ஒன்று அவரிடம். அன்று நான் நோட்டுப் புத்தகத்தை மறந்துவிட்டுத் திரும்பி வந்திருந்தேன். அவர் என்னைப் பார்த்துத் திடுக்கிடவில்லை. குச்சி விரல் வரை எரிந்ததும் ஊதி அணைத்தார்.

"கரெக்டா வந்தீங்க சார். நீங்களே பாருங்க" என்றார்.

அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஊரில் அவரைத் 'தீப்பெட்டி' என்றார்கள். பட்டுப் புடவை மொத்த வியாபாரி ஒருவரிடம் சரக்கு பார்ப்பவராக அவருக்கு வேலை. நெசவாளர்கள் புடவைகளைக் கொண்டுவந்து வைத்தால், இவர் ஒவ்வொன்றையும் விரித்து, ஓரத்திலிருந்து ஒரு இழையை உருவி, தீக்குச்சியில் காட்டுவார். பட்டு என்றால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பாலியஸ்டர் என்றால் சுருண்டு கடுகு போல உருண்டு நிற்கும். சாம்பலைத் தேய்த்துத் தேய்த்தே அந்தக் கட்டைவிரல் கறுத்தது. பிறகு புடவையின் மூலையைத் தண்ணீரில் நனைத்துக் கசக்குவார். கோந்தும் சோப்பும் போக அலசாத நூலில் எடை கூடும். அப்படிப்பட்ட நூல் கசக்கினால் நுரைக்கும், நுரை அடங்காமல் நிற்கும். எல்லாம் சரியென்றால், மடித்து உள்ளே வை என்ற பொருளில், "மடி" என்பார். வேறு எதுவும் சொல்ல மாட்டார். பதினைந்து நாள் தறியில் குனிந்து கிடந்தவன் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்க மாட்டார்.

நான் வாடகைக்குக் கேட்டு வந்தபோது என் அடையாள அட்டையை வாங்கி, அதன் மேலிருந்த பிளாஸ்டிக்கை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். காபித் தூளை ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் தூவி, மிதக்கிறதா, சாயம் இறங்குகிறதா என்று பார்ப்பார். தன் வீட்டில் ஃபிரிட்ஜ் வாங்க விடவில்லை. நேற்று ஆக்கியதை இன்று ஆக்கியது என்று நம்ப வைக்கிற பெட்டி என்பது அவர் கருத்து. மகள் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் கொண்டுவந்த முகூர்த்தப் புடவையிலும் ஒரு இழை உருவியிருக்கிறார். இதை எனக்குச் சொன்னது அவர் மனைவி.

"தாலி கட்டறதுக்கு அர மணி கீது தம்பி. இவரு மண்டபத்துப் பின்னாடி போய் நெருப்பு வெச்சிகினு நிக்கிறாரு. சம்மந்தியம்மா பாத்துட்டாங்க. நல்ல பட்டுதான். ஆனா அந்தம்மா அன்னிக்கு எங்க வூட்டு எலயில கை வெக்கல."

அவர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். "நல்ல பட்டுன்னு பாத்தப்பறம்தான தெரிஞ்சுது" என்றார்.

அந்த அக்கா இதைப் படிப்பார். அதனால் பார்த்து எழுதுகிறேன்.

அக்காவுக்குக் கழுத்தில் நெறி கட்டியதில் தொடங்கியது. வேலூரில் ஒரு மருத்துவமனையில் சோதித்துவிட்டு, நிணநீர்க் கணுக்களில் புற்று என்றார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை மருந்து ஏற்ற வேண்டும், மொத்தம் ஆறு தடவை. மற்ற மருந்துகள் மருத்துவமனையிலேயே கிடைத்தன. ஒன்றுக்கு மட்டும் இரண்டு வழி இருந்தது. அதை முதலில் கண்டுபிடித்து விற்ற வெளிநாட்டுக் கம்பெனியின் குப்பி ஒன்று. அதே வேலையைச் செய்யும்படி நம் நாட்டில் ஒரு கம்பெனி தயாரித்த குப்பி இன்னொன்று. அதன் விலை பாதிக்கும் கீழே. டாக்டர் இரண்டாவதைத்தான் எழுதினார்.

அன்று சாயந்திரம் அவர் மாடிக்கு வந்தார். வாசலில் நின்றபடியே கேட்டார்: "பாதி விலைக்கு ஒரு பொருள் எப்பிடி வரும்? நீங்க பேப்பர்காரர். விசாரிச்சுச் சொல்லுங்க."

நான் இரண்டு நாள் விசாரித்தேன். தெரிந்ததைச் சொன்னேன். கண்டுபிடித்தவருக்குக் காப்புரிமை இருபது வருடம். அதுவரை வேறு யாரும் தயாரிக்கக் கூடாது, விலையையும் அவர்தான் வைப்பார். முடிந்த பிறகு மற்றவர்கள் இறங்கலாம், விலை இறங்கும். அதனாலேயே, முடிகிற நேரத்தில் தயாரிக்கும் முறைக்கு ஒன்று, அளவுக்கு ஒன்று என்று கூடுதல் உரிமைகள் கேட்டு வழக்குகள் நடக்கின்றன. சாதாரண மாத்திரை என்றால் வேதிப்பொருளை அச்சு அசலாக அப்படியே செய்துவிடலாம். இந்த மருந்து அப்படியில்லை. உயிருள்ள செல்களை வளர்த்து அவற்றிலிருந்து எடுப்பது. ஆகவே இரண்டாமவர் செய்வது முதலாவதற்கு மிக நெருக்கமாக இருக்கும். நோயில் வித்தியாசம் காட்டவில்லை என்று நிரூபித்த பிறகுதான் விற்க அனுமதி.

"தறியில மாட்டற டிசைன் அட்டைய எவன் வேணா காப்பி அடிச்சிடலாம். நம்ம ஊர்ல ஒரு வாரம் போதும். நெய்யற கை வேறதான?" என்றார்.

இரண்டு நாளில் எனக்குப் புரிந்ததை அவர் ஒரு நிமிடத்தில் பிடித்துவிட்டார். அந்தக் கை சரியான கையா என்றும் சோதிக்கிறார்கள் என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை.

சட்டைப்பையில் அவர் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் உறை வைத்திருப்பார். அதில் நான் எழுதிய ஒரு செய்தியின் துண்டு இருந்தது. மாவட்டத்தில் போலி மருந்து பறிமுதல் என்று எட்டு வரி. எந்த மருந்து, யாருடையது என்று போலீஸ் சொல்லவில்லை, நானும் எழுதவில்லை.

"எந்த மருந்துன்னு ஏன் போடல?"

"அவங்க சொல்லலண்ணா."

"தெரியாமயே எழுதினீங்களா?"

அதே உறையில் ஒரு வழவழப்பான வண்ணக் காகிதமும் இருந்தது. டாக்டர் அறைக்கு வெளியே மேஜையில் கிடந்ததாம். மருந்து ஒன்று, அதைப் போன்ற மருந்து ஒன்று என்று இரண்டு படம்; ஒன்று போலிருப்பதால் ஒன்றாகிவிடாது என்று மேலே எழுதியிருந்தது. யார் அச்சடித்தது என்று பார்ப்பது என் வழக்கம். அடியில், எறும்பு அளவு எழுத்தில், முதல் கம்பெனியின் பெயர். காட்டினேன்.

"எவன் அடிச்சா இன்னா சார். சொன்னது பொய்யா?"

பொய்யில்லை. அதை அங்கே வைத்தவருக்கு அந்தச் சந்தேகத்தால் லாபம் என்பது மட்டும்தான். அவ்வளவையும் சொன்னேன். அவர் உறையை மடித்துப் பையில் வைத்தார்.

முதல் இரண்டு தடவைக்கும் அவர் வெளிநாட்டுக் குப்பியையே கொண்டுபோனார். வேலூர் கடைகளில் வாங்கவில்லை. ஒரு கடையில் பெட்டியைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார், கூடாது என்றிருக்கிறார்கள். அதோடு அந்தக் கடை முடிந்தது. பிறகு ஒரு ஏஜென்ட் கிடைத்தான். தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் வைத்து பைக்கில் வீட்டுக்கே கொண்டுவருவான். இவன் சொன்ன விலை கடை விலையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. நேரடிச் சரக்கு என்றான். அவரைப் பிடித்துப்போட்டது விலையில்லை. அவன் தானாகவே பெட்டியைப் பிரித்து, குப்பியை அவர் கையில் கொடுத்து, "எப்பிடி வேணா பாத்துக்குங்க" என்றான். புடவையின் மூலையைத் தானாக எடுத்து நீட்டுகிற நெசவாளியிடம் அவர் அவ்வளவு கெடுபிடி காட்டுவதில்லை என்று பல தடவை கேள்விப்பட்டிருக்கிறேன். மறைப்பவனைத்தான் அவர் விடமாட்டார்.

பில் கொடுத்தானா என்று நான் கேட்கவில்லை. கேட்பதுதான் என் தொழில்.

மருத்துவமனையில், வெளியிலிருந்து வாங்கிய மருந்து, பொறுப்பு எங்களுடையது என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஏற்றினார்கள். இரண்டாவது தடவை முடிந்தும் கழுத்துக் கட்டிகள் கொஞ்சமாகத்தான் குறைந்திருந்தன. டாக்டர் இன்னும் ஒன்று பார்ப்போம் என்றார். மூன்றாவது குப்பிக்காக அவர், சந்தவாசலில் அக்காவுக்கு வந்த அரை ஏக்கரை விலை பேசினார். அக்கா சம்மதிக்கவில்லை. மருந்துக்காக நிலம் போவதில் அக்காவுக்கு வருத்தமில்லை. டாக்டர் எழுதாத ஒன்றுக்காகப் போவதில்தான் கோபம். என்னை மாடிப்படியில் நிறுத்தி, சீட்டைக் கொடுத்து, டாக்டர் எழுதிய குப்பியை வாங்கிவரச் சொன்னார்.

"அவர்கிட்ட சொல்லவாணாம். நாளானிக்கு நான் எத்த எடுத்துகினு போறேனோ அத்ததான் ஏத்துவாங்க."

நான் மருத்துவமனைக் கடையிலேயே வாங்கினேன். பில்லோடு, ஐஸ் பெட்டியில். என் ஃபிரிட்ஜின் இரண்டாவது தட்டில் வைத்தேன். அதே நேரத்தில் அவர் கைமாற்று வாங்கி ஏஜென்டிடம் மூன்றாவது குப்பியை வாங்கியிருந்தார். மறுநாள் காலை அதை வைக்க என் அறையைத் திறந்தபோது, அங்கே ஏற்கெனவே ஒன்று இருந்தது.

பதினொன்று இருபதுக்கு நான் பார்த்தது இதைத்தான்.

அவர் இரண்டு குப்பியையும் கையில் எடுத்துத் திரும்பக் குலுக்கினார். எனக்குக் காட்டுவதற்காக. புடவை மூலையைக் கசக்குகிற அதே வேகம், அதே எண்ணிக்கை. பிறகு ஜன்னல் விளிம்பில் அருகருகே வைத்தார். ஏஜென்ட் கொடுத்த குப்பியில் இரண்டு குமிழ்கள் எழும்பி உடைந்தன; மருந்து தண்ணீர் போலத் தெளிந்தது. நான் வாங்கிவந்ததில் வெள்ளை நுரை கழுத்து வரை ஏறி நின்றது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு நிமிடம் கழித்தும் நின்றது.

"மொத ரெண்டும் இப்பிடித்தான் இருந்திச்சு, சுத்தமா. அவன் எதிர்லயே குலுக்கிப் பாத்தேன்" என்று தெளிந்த குப்பியைத் தொட்டார். "இது மடி." மற்றதைத் தொடவில்லை. "இத்த எவன்கிட்ட வாங்கினீங்களோ, அவனப் பத்தி எழுதுங்க நிருபரே."

அந்த நுரையைப் பார்த்தபோது நானும் அவர் சொல்வது சரி என்றே நினைத்தேன். தலைப்பு எப்படி வரவேண்டும் என்றுகூட மனதில் ஓடியது. செய்தி என்றால் காகிதம் வேண்டும் என்பதற்காகத்தான் பெட்டிக்குள் மடித்திருந்த தாளை எடுத்து விரித்தேன். பொடி எழுத்தில், இரண்டாம் பக்கத்தில் இருந்தது: குலுக்கக் கூடாது. அவருடைய பெட்டியிலிருந்த தாளிலும் அதே வரி இருந்தது. குலுக்கினால் மருந்து கெட்டுப்போகும்.

படித்துக் காட்டினேன். அவர் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். அவருக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டத்தான் தெரியும். அந்த ஒரு வரியைக் கூட்டிக் கூட்டி முடித்தார்.

"ரெண்டுமேவா?"

"ரெண்டுலயும் போட்டிருக்குண்ணா."

சத்தம் கேட்டு அக்கா படியேறி வந்தார். தலையில் துண்டு கட்டியிருந்தார். மூச்சு வாங்கியது. ஜன்னலைப் பார்த்ததும் நடந்தது அவருக்குப் புரிந்துவிட்டது.

"எனக்கு ஏத்தற மருந்தயும் கசக்கிப் பாத்துட்டியா" என்றார். அவரை அக்கா ஒருமையில் பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். பிறகு மரியாதைக்குத் திரும்பினார். "நம்ம ஊர்ல நெய்ஞ்ச பொடவ வேற ஊரு பேர போட்டுகினு ரெண்டு பங்கு வெலைக்குப் போவுதே, வருஷம் பூரா நீங்கதான மடிச்சு அனுப்புறீங்க. வாங்கறவ எவளாவது கொற சொன்னாளா? பேருக்குத்தான வெல. அது தெரிஞ்ச மனுசன் எனக்கு மட்டும் பேரு பாக்கறீங்க."

அவர் கறுத்த விரலை வேட்டியில் துடைத்தார். அந்தக் கறை போகாது என்று அவருக்கும் தெரியும்.

இரண்டையும் மருத்துவமனைக்குக் கொண்டுபோய், நடந்ததைச் சொல்லி, அவர்கள் சொல்கிறபடி செய்வது என்று அக்கா முடிவு செய்தார். மறுநாள் காலை பஸ்ஸில் நானும் ஏறினேன். வேலூரில் எனக்கு வேலை இருப்பதாகச் சொன்னேன். வேலை எதுவும் இல்லை. குலுக்கியதை அவர் சொல்லமாட்டார், தெளிந்த குப்பியைச் சத்தமில்லாமல் நர்ஸ் கையில் கொடுத்துவிடுவார் என்று நினைத்தேன். வழி முழுக்க அவர் தெர்மோகோல் பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். பஸ் பள்ளத்தில் இறங்கும் ஒவ்வொரு தடவையும் பெட்டியை மடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் தூக்கிக்கொண்டார்.

மருந்தகக் கவுண்டரில் முப்பது வயதுக்குள் ஒரு பெண் இருந்தார். நான் சந்தேகப்பட்டது தப்பு. பெட்டியை வைத்ததும் அவரே சொன்னார்.

"ரெண்டயும் நான் குலுக்கிட்டேன்மா. அசலா போலியான்னு பாக்கறதுக்கு."

அந்தப் பெண் கோபிக்கவில்லை. இரண்டையும் வெளியே எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார். நுரைத்த குப்பியின் ஓரத்தில் இன்னும் வெள்ளை வளையம் ஒட்டியிருந்தது. இது எங்கள் கடைச் சரக்கு, இனி உதவாது என்று ஒதுக்கி வைத்தார். பிறகு தெளிந்த குப்பியைப் பார்த்தார். கையிலேயே வெகுநேரம் வைத்திருந்தார்.

"இத்த எவ்ளோ குலுக்கினீங்க?"

"அதே அளவுதான். அது நுரைச்சிச்சு. இது சுத்தமா நின்னுச்சு."

"இந்த மருந்து புரதம்ங்க. முட்ட வெள்ளைக் கருவ அடிச்சா நுரைக்குதுல்ல, அது மாதிரி. குலுக்கினா நுரைக்கணும். நுரைக்கலன்னாதான் உள்ள இன்னா கீதுன்னு பாக்கணும்."

பெட்டியின் பக்கத்தில் அச்சிட்டிருந்த தொகுதி எண்ணை எழுதிக்கொண்டு, வெளிநாட்டுக் கம்பெனியின் விநியோகப் பிரிவுக்குப் போன் செய்தார். காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருந்தோம். அந்த நேரத்தில் அவர் கவுண்டர் பலகையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "பாதி வெலையில விக்கிறாங்களே, அதுலதானம்மா போலி வரும்?"

"பாதி வெலைப் பொருளுக்கு எவனாவது கஷ்டப்பட்டு டூப்ளிகேட் போடுவானா? வெல ஏறினதுக்குத்தான் போடுவான்."

அவர் தலையை அசைத்தார். போலிச் சரிகையில் நெய்த புடவைக்கு விலை கூடிய எந்த ஊரின் பெயரை வைப்பார்கள் என்பதை ஆரணியில் அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பன்னிரண்டு பத்துக்குப் போன் வந்தது. அந்தப் பெண் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்தார். அந்த எண்ணில் அவர்கள் மருந்தே தயாரித்ததில்லை.

முதல் இரண்டையும் எங்கே வாங்கினீர்கள் என்று அந்தப் பெண் கேட்டார். அவர் சட்டைப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்தார். என் எட்டு வரிச் செய்தி, வண்ணக் காகிதம், அவற்றுக்குப் பின்னால் இரண்டு அட்டைத் துண்டுகள். முதல் இரண்டு பெட்டிகளிலிருந்தும் எண் அச்சிட்ட பக்கத்தைக் கத்தரித்து வைத்திருந்தார். பின்னாளில் ஏதாவது தகராறு வந்தால் காட்டுவதற்கு. கவுண்டரில் வரிசையாக வைத்தார். மூன்றிலும் ஒரே எண்.

அக்கா அவற்றைப் பார்த்தார். அவரையும் பார்த்தார். டாக்டர் அறைப் பக்கம் நடந்தார்.

அந்தப் பெண் உள்ளிருந்து புதுக் குப்பி ஒன்றை எடுத்துவந்தார். நம் நாட்டுத் தயாரிப்பு, டாக்டர் முதலில் எழுதியது. பெட்டி பிரிக்காமல் இருந்தது. அவருடைய கறுத்த விரல் பலகை வரை வந்தது. பிறகு இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

இரண்டு மணி ஐந்துக்கு அக்காவை உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் சொன்னபடி, நர்ஸ், சீட்டில் இந்த மருந்துக்கு நேரே 'மூன்றாவது தவணை' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, மேலே 'முதல்' என்று எழுதினார்.